ஜாமில் மாட்டிக்கொண்ட சாண்ட்ரா

ராயபுரத்திலிருந்து எர்ணாவூருக்கு வேலைக்குப் போய்வரும் சாண்ட்ராவுக்குச் சில மாதங்களாக டிராஃபிக் ஜாம் பிடித்துப்போயிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உள்ளே வருகிற லாரிகளின் நம்பரைப் பதிவதுதான் அவள் வேலை. ஐந்தரைக்கு முடியும். ஷேர் ஆட்டோ பிடித்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாக இருபத்தைந்து நிமிடத்தில் வீடு. ஆனால் சாயங்கால நேரத்தில் ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அந்த ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகராமல் நிற்கும். வீடு வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆகிவிடும். பத்து வருஷமாக அவளும் மற்றவர்களைப்போல அந்த ஜாமைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஆட்டோ எல்லையம்மன் கோயில் பக்கம் நின்றது. நோயலுக்குப் போன் போடலாம் என்று எடுத்தாள். நோயல் அவள் கணவன். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. சாண்ட்ரா பதறினாள். மூன்றாவது படிக்கிற மேத்யூவுக்கு மறுநாள் சார்ட் பேப்பர் வேண்டும். ஏழாவது படிக்கிற ஹெப்சிக்கு இருமல் மருந்து கொடுக்கச் சொல்ல வேண்டும். மோட்டார் போட வேண்டும், போட்டால் நிறுத்த வேண்டும். இரண்டு நிமிடம் பதறிய பிறகு, தன்னால் ஒன்றுமே செய்ய முடியாது என்பது மெல்லப் புரிந்தது. இறங்கி நடக்க முடியாது. யாரையும் கூப்பிட முடியாது. அவளையும் யாரும் கூப்பிட முடியாது.

லாரிகளுக்கு நடுவே கூடையோடு ஒருத்தி வந்தாள். சாண்ட்ரா ஒரு கொய்யாப்பழம் வாங்கினாள். அதை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தாள் கூடைக்காரி. முதல் துண்டைத் தின்றாள். இரண்டாவது துண்டை எடுத்ததும் பழக்கதோஷத்தில் கை பக்கத்துக்கு நீண்டது. அங்கே முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கையை இழுத்துக்கொண்டாள். மிச்சம் மூன்று துண்டையும் அவளே தின்றாள். ஹெப்சி பிறந்ததிலிருந்து இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் முழுசாகத் தின்ற முதல் பழம் அது.

அன்றிலிருந்து சாண்ட்ரா ஜாமுக்குக் காத்திருந்தாள். ஆட்டோவில் ஓரத்து சீட்டுக்காக ஒருத்தியோடு சண்டை போட்டாள். லாரி நின்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தெலுங்கை மட்டும் படம் மாதிரி பார்ப்பாள். சில நாள் வேர்க்கடலை. சில நாள் ஒன்றுமே இல்லாமல் சும்மா. 

ஆட்டோக்காரன் சுயம்புவுக்குச் சொந்த ஊர் காத்திவாக்கம். அவன் கண்ணாடியில் இவளைக் கவனித்துவிட்டு ஒரு நாள் கேட்டான்: "இன்னாக்கா, ஜாம்னா அல்லாரும் என்னியதான் திட்டிகினு வராங்கோ. நீ மட்டும் சிரிச்சிகினு கீற?"

"ஒண்ணுமில்ல சுயம்பு. வூட்டுக்குப் போவ இன்னா அவசரம்."

சுயம்பு அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஜூன் மாதம் அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வந்தது. கன்டெய்னர் லாரிகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஒரே நாளில் ரோடு துடைத்துவிட்டது மாதிரி ஆனது. ஆட்டோவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சாண்ட்ரா ஐந்து ஐம்பத்தைந்துக்கு வீட்டு வாசலில் நின்றாள்.

"ஐ! சீக்கிரம் வந்துட்ட!" என்றான் நோயல். அவன் கையில் தோசைக்கரண்டி இருந்தது. ஜாம் காலத்தில் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு அவன் பொறுப்பாகிவிட்டிருந்தது. அந்தக் கரண்டியை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று வெளியே போனான்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாண்ட்ரா எட்டு தோசை சுட்டாள். பின்னக்கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மேத்யூவின் காலில் இருந்த சிலாம்பை எடுத்தாள். நோயலின் அக்கா போனில் மாவு புளிக்காததைப் பற்றி இருபது நிமிடம் பேசியதைக் கேட்டாள். "அம்மா" என்று எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று எண்ணத் தொடங்கி, முப்பத்தொன்றில் விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆட்டோ காலி ரோட்டில் பறந்துகொண்டிருந்தபோது நோயல் போன் செய்தான்.

"எங்க கீற?"

வாய் தானாகச் சொன்னது. "ஜாம்ல கீறேன்."

"ஜாமா? நேத்து இல்லியே?"

"இன்னிக்கி கீது."

"அது இன்னா, புஸ்சு புஸ்சுன்னு காத்து சத்தம்? நிக்கிற வண்டியில அவ்ளோ காத்தா?"

சாண்ட்ரா போனைக் கையால் பொத்தினாள். கண்ணாடியில் சுயம்பு அவளைப் பார்த்தான். உடனே பிரேக்கைப் போட்டு நடுரோட்டில் வண்டியை நிறுத்தினான். ஹாரனை விடாமல் மூன்று தரம் அடித்தான். வெறும் ரோட்டைப் பார்த்து, "யோவ், லாரிய எடுய்யா! எத்தினி நேரம் குறுக்கால நிப்ப? பேஜாரா பூச்சி!" என்று கத்தினான்.

"சரி சரி, பாத்து வா," என்று நோயல் போனை வைத்தான்.

ஆட்டோவில் இருந்த மற்ற ஐந்து பேரும் குறுக்கே நின்ற லாரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சுயம்பு, கொஞ்சம் முன்னால நிறுத்து. எறங்கிக்கிறேன்," என்றாள் சாண்ட்ரா.

திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவு ஒன்று. அதன் தலைமாட்டில் செங்கொடி என்கிற பெண் தள்ளுவண்டியில் இறால் வடை போடுவாள். சாண்ட்ரா இரண்டு வடை வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாயைச் சுட்டுக்கொண்டு அவசரமாகத் தின்றுவிட்டு ஓடினாள். மூன்றாம் நாள் பயம் போய்விட்டது. தூரத்தில் ஹார்பருக்குள் போக முறைக்காக நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் இருந்தாள். ஒருநாள் கொட்டாவி வந்தது. வீட்டில் அவளுக்குப் பாதிக் கொட்டாவியில் யாராவது "அம்மா" என்பார்கள். வாயை மூடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். இங்கே கொட்டாவி தொடங்கியது, பெரிதானது, கண்ணில் தண்ணீர் வந்தது, தானாகவே முடிந்தது. சாண்ட்ராவுக்கு உடம்பெல்லாம் லேசானது மாதிரி இருந்தது.

குற்றவுணர்ச்சி இல்லாமல் இல்லை. மாதக் கடைசியில் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லிவிட்டாள்.

"புருஷன்கிட்ட பொய் சொல்றேன் சாமி."

"எத்தனை தடவைம்மா?"

"தினமும். ஞாயித்துக்கெழமை லீவு."

விஷயத்தைக் கேட்ட சாமியார் உண்மையைச் சொல்லிவிடும்படி புத்திமதி சொன்னார். பரிகாரமாக ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவள் எழுந்திருக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வடைக்கடை எந்தப் பக்கம்மா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சாண்ட்ரா தீர்மானித்த அதே ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் நோயல் மாடிவீட்டு அருள்நாதனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

அருள்நாதன் ஹார்பரில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு அவர்தான் தலைவர், செயலாளர், பெரும்பாலான கூட்டங்களில் உறுப்பினரும் அவரே. இதுவரை இருநூற்றுப் பதினாறு மனுக்கள் எழுதியிருக்கிறார். எதைச் சொன்னாலும் அவருக்கு அது மனுவாகத்தான் காதில் விழும்.

"பாவம் அங்கிள் சாண்ட்ரா," என்றான் நோயல். "தினம் ஒண்ணரை மணி நேரம் ஜாம்ல நிக்கிறா. வரும்போது மூஞ்சியெல்லாம் கடல் உப்பு அப்பிகினு கீது. ஒரு வார்த்தை அலுத்துக்கிட்டதில்ல. சிரிச்சிகினேதான் வரா."

அருள்நாதனின் கண் கலங்கியது. இருநூற்றுப் பதினேழாவது மனு அன்றைக்கே தயாரானது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "மேற்படி சாலையில் கள ஆய்வு செய்ததில் போக்குவரத்து நெரிசல் ஏதும் காணப்படவில்லை" என்றது அது. அருள்நாதன் கடிதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"காணப்படவில்லையாம்! ஒரு குடும்பப் பெண் தினந்தோறும் காண்கிறாள். இவர்களுக்குக் காணப்படவில்லையாம்! இதை நான் சும்மா விடப்போவதில்லை. வர்ற சனிக்கிழமை ஆர்ப்பாட்டம்."

சாண்ட்ராவின் கையிலிருந்த குழம்புக் கரண்டி சட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ, வேணாம் அங்கிள். இப்போ கொஞ்சம் பரவால்ல."

"பயப்படாதேம்மா. உன் பின்னாடி சங்கம் இருக்கு."

"நெஜமாவே ஜாம் ரொம்ப கொறைஞ்சிடுச்சி அங்கிள்."

"பாத்தியா நோயல், உன் பொண்டாட்டிக்கு எவ்வளவு பெருந்தன்மை! அந்த அதிகாரிங்களுக்காகப் பரிஞ்சு பேசறா!"

நோயல் அவளைப் பெருமையோடு பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு சாண்ட்ரா குனிந்து குழம்பில் கரண்டியைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் முளைத்தது. ஹெப்சியின் புதுநன்மை விழாவில் எடுத்த படத்திலிருந்து சாண்ட்ராவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, வாய் நிறையச் சிரிப்பு. மேலே சிவப்பில், "நெரிசலில் கரையும் தாய்மை! நீதி எங்கே?" பிள்ளைகள் இருவரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். யார்டில் வேலை செய்கிறவர்கள் வாட்ஸப்பில் அதைப் பார்த்துவிட்டு, "எந்த ரோட்டுல ஜாம்?" என்று கேட்டு எழுதினார்கள். 

சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லையம்மன் கோயில் பக்கம் அறுபது பேர் கூடினார்கள். மைக், இரண்டு ஸ்பீக்கர், மாதா கோயில் பெண்கள் அணி, எதற்கென்று தெரியாமல் வந்து நின்ற ஒரு பேண்டு வாத்தியக்காரர். அருள்நாதன் நடுரோட்டில் நின்று முதல் முழக்கத்தை எழுப்பினார். ரோட்டில் வந்த வண்டிகள் நின்றன. ஐந்து நிமிடத்தில் அவற்றின் பின்னால் வந்தவையும் நின்றன. இரண்டு மாதமாக ஜாம் என்பதையே பார்க்காத அந்த ரோட்டில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

முன்வரிசையில் நின்ற ஆட்டோ சுயம்புவினுடையது. அவன் சாண்ட்ராவைப் பார்த்தான், பேனரைப் பார்த்தான், மறுபடியும் சாண்ட்ராவைப் பார்த்தான். தலையில் கைவைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் கவிழ்ந்துவிட்டான். 

போக்குவரத்து சப் இன்ஸ்பெக்டர் இஷ்ரத் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"சார், எதுக்கு சார் இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஜாமை எதிர்த்து!"

"எந்த ஜாம்?"

"இதோ நிக்குதே!" என்று அருள்நாதன் கையை வீசிக் காட்டினார்.

"இது நீங்க வந்து பண்ண ஜாம் சார். நான் தெனமும் இங்கதான் டூட்டி. ரெண்டு மாசமா இங்க ஒரு சைக்கிள்கூட நின்னதில்ல."

"பாதிக்கப்பட்டவங்களே சொல்வாங்க," என்ற அருள்நாதன் மைக்கை சாண்ட்ராவின் கையில் திணித்தார். "சொல்லும்மா. நீ படற பாட்டை இந்த ஊர் கேட்கட்டும்."

சாண்ட்ரா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே நோயல். இரண்டு பக்கமும் பிள்ளைகள். ஓடிப்போக வழியே இல்லை.

"நான் தெனமும் அஞ்சரைக்கு ஆபீஸ்ல இருந்து கெளம்புவேன்," என்றாள். குரல் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. "எல்லையம்மன் கோயில்கிட்ட வந்தா வண்டி நின்னுடும்."

"வெட்கக்கேடு!" என்றார் அருள்நாதன்.

"ஓரத்து சீட்ல உக்காந்துகினு இருப்பேன். கடல்ல இருந்து காத்து வரும்."

"கொடுமை!" என்றவர் கொஞ்சம் யோசித்து, "காத்தா?" என்றார்.

"ஆமா அங்கிள், சில்லுனு வரும். யாரும் கூப்ட மாட்டாங்க. தோசை வேணும்னு கேக்க மாட்டாங்க. என் சாக்ஸ் எங்கன்னு கேக்க மாட்டாங்க. நாலா கீறின கொய்யாப்பழம், நாலு துண்டும் எனக்கேதான். எம் புள்ளைங்கன்னா எனக்கு உசுருதான். ஆனா அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் அம்மா இல்ல, யாருக்கும் பொண்டாட்டி இல்ல, சும்மா உக்காந்துகினு இருக்கற ஒருத்தி. திடீர்னு ஜூன் மாசம் அந்த ஜாமை எடுத்துட்டாங்க. யாரைக் கேட்டு எடுத்தாங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? அன்னியில இருந்து ஜாம்னு பொய் சொல்லிட்டு வடக்கால இருக்கற கல்லு மேல உக்காந்து இறால் வடை தின்னுகினு கீறேன். எனக்கு அந்த ஜாம் திரும்ப வேணும்!"

சொல்லிவிட்டு மைக்கை இறக்கினாள்.  பிறகு நின்றுபோன வண்டிகளுக்கு நடுவிலிருந்து, ஸ்கூட்டரில் பின்னால் இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த ஒரு பெண், "கரெக்டா சொன்னக்கா!" என்று கத்தினாள். பெண்கள் அணி கைதட்டியது. ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்து பேண்டுக்காரர் ட்ரம்பெட்டை எடுத்து ஊதினார்.

இஷ்ரத் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "மேடம், இப்போ பின்னாடி அரை கிலோமீட்டருக்கு ஜாம் நிக்குது. உங்களுக்கு இன்னிக்கு அது போதும். எல்லாரும் கலைஞ்சு போங்க."

அருள்நாதன் பேனரைச் சுருட்டினார். கடைசியில் சாண்ட்ராவிடம் வந்து, "அப்போ அந்தப் பதில் கடிதம் உண்மைதானா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அரசாங்கம் அவருக்கு எழுதிய ஒரு பதில் உண்மையாக இருந்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. அதிலிருந்து மீள அவருக்கு இரண்டு நாள் ஆனது.

பிள்ளைகளை சுயம்புவின் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நோயலும் சாண்ட்ராவும் நடந்தார்கள்.  காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி தாண்டியதும் நோயல் கேட்டான்.

"தெனமுமா?"

"தெனமும்."

"இறால் வடையா?"

"ம்."

"ரெண்டு மாசமா ஒரு நாளாவது, நமக்குன்னு ஒருத்தன் வூட்ல தோசை சுட்டுகினு கீறானே, அவனுக்கு ஒரு வடை வாங்கினு போலாம்னு தோணுச்சா உனக்கு?"

சாண்ட்ராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வாங்கினு வந்தா கண்டுபுடிச்சிருப்பியே."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல, அந்த ஒரு மணி நேரத்த?"

"குடுத்திருப்ப. ஆனா ஆறரைக்கு கரெக்டா போன் பண்ணி, நல்லா ரெஸ்ட் எடுத்துக்கினியான்னு கேட்டிருப்ப. நானும் எடுத்துக்கினேன்னு சொல்லியாவணும்."

நோயல் யோசித்துக்கொண்டே நடந்தான். அப்படித்தான் செய்திருப்போம் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். "ஆறரைக்கு இல்ல," என்றான் கொஞ்ச தூரம் போனதும். "ஆறே காலுக்கே பண்ணியிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் ஏழு மணிக்கு வரலாம், எங்கே இருந்தாள் என்று கேட்கக்கூடாது என்று பேச்சு முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நோயலுடையது. அவன் எங்கே போகிறான் என்று அவளும் கேட்கக்கூடாது. அவள் வரும்போது அவனுக்கு ஒரு வடை மட்டும் வாங்கி வர வேண்டும்.

திங்கட்கிழமை சாண்ட்ரா கல்லுக்குப் போனபோது அங்கே இடம் இல்லை. ஒன்பது பெண்கள். ஆபீஸ் பையோடு சிலர், மீன் கூடையோடு ஒருத்தி, ஸ்கூட்டர்ப் பெண் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆளுக்கு ஒரு கல்லில், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சாண்ட்ராவை அடையாளம் கண்டு ஒருத்தி எழுந்து வரப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உன்னாலதான்க்கா," என்றாள் செங்கொடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "மாவு அல்லாம் தீந்துபூச்சி. உனுக்குன்னு ரெண்டே ரெண்டு எடுத்து வச்சிகீறேன்."

சாண்ட்ரா வடைகளை வாங்கிக்கொண்டு அடுத்த தூண்டில் வளைவு வரை நடந்தாள். அங்கே ஆள் இல்லை. உட்கார்ந்து ஒரு வடையைத் தின்றாள். பொட்டலத்தில் மற்றது நோயலுக்கு. அதன் எண்ணெய் காகிதத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு இறாலின் வால் மொறுமொறுவென்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் பிய்த்து வாயில் போட்டாள். வால் இல்லாத வடையைக் கொண்டுபோய்க் கொடுப்பது நன்றாக இருக்காது என்று தோன்றியது.

ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"உனக்கு வாங்கினதையும் நானே தின்னுட்டேன்."

நோயல் கல்லில் தோசையைப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"சூடா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பிப் போட்டான்.